இருபத்து மூன்றாவது பெயர்

கொட்டாஞ்சேனை, கொழும்பு 13
2025 பெப்ரவரி 3

அன்புள்ள றஸ்மியா தங்கச்சிக்கு,

ஸ்ரனிஸ்லாஸ் எழுதுகிறேன். கையெழுத்தைக் கண்டதும் கிழித்துவிட வேண்டாம், இரண்டு பக்கம்தான். என் நம்பரை நீங்கள் ப்ளொக் செய்து நான்கு வருஷமாகப் போகிறது. அதனால் ஷபீகாவிடம் முகவரி வாங்கினேன். "உம்மா வாசிப்பாங்களோ தெரியா அங்கிள், நான் தந்தேன்டு மட்டும் சொல்லிராதீங்க" என்றாள். சொல்லாதே என்றதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். பிள்ளையை ஏச வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம்முடைய லேன் முகப்பில் பழைய டிஸ்பென்சரி இடிந்து கிடந்த மூலை ஞாபகம் இருக்கும். அந்த இடத்தில் கொரோனாவில் போனவர்களுக்கு ஒரு நினைவுச் சுவர் கட்டுகிறோம். எங்கள் லேனிலும் பக்கத்துத் தோட்டக் குடியிருப்புகள் இரண்டிலும் சேர்த்து இருபத்து மூன்று பேர். சவுந்தரநாயகம் தலைவர், நான் செயலாளர். பென்ஷன் எடுத்த துறைமுகக் கிளாக்குக்கு வேறென்ன வேலை? மாநகரசபை அனுமதிக்கே பதினோரு மாதம் நடந்தேன்.

கருங்கல் பலகையில் மூன்று மொழியிலும் பெயர்கள் வரும். மேலே, "கொடிய நோயினால் இறைவனடி சேர்ந்த எம்மவர் நினைவாக." நடுவில், கண்ணாடிக் கூட்டுக்குள், இரவும் பகலும் எரியும் அணையா விளக்கு ஒன்று. விளக்கு என் யோசனை. கமிட்டியில் எல்லோருக்கும் பிடித்துப் போனது, எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பெயர்கள் இறந்த திகதி ஒழுங்கில் வருகின்றன. நான்காவது ஸஹாப்தீன். ஐந்தாவது என் பேர்ணடெற். இரண்டு பேருக்கும் எட்டு நாள்தான் இடைவெளி. லேனில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் கல்லிலும் பக்கத்தில் இருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஒவ்வொரு குடும்பத்திடமும் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்று மாநகரசபை சொல்கிறது. படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். புள்ளடி போட்ட இடத்தில் ஒரு கையெழுத்து மட்டும் வைத்து அனுப்புங்கள்.

என்றும் அன்புடன்,
ஸ்ரனிஸ்லாஸ்


வெள்ளவத்தை, கொழும்பு 06
2025 பெப்ரவரி 10

ஸ்ரனிஸ்லாஸ் அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. முப்பது வருஷம் கணக்குப் படிப்பித்தவள் நான். எவ்வளவு மோசமான விடைத்தாளாக இருந்தாலும் கடைசி வரி வரை பார்த்துவிட்டுத்தான் பிழை போடுவேன்.

எனக்கு ஒரு சம்மதப் படிவம் அனுப்பியிருக்கிறீர்கள். புள்ளடியும் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையிலேயே ஒன்றும் உறைக்கவில்லையா?

மறந்துவிட்டீர்களென்றால் ஞாபகப்படுத்துகிறேன். 2020 நவம்பரில் ஸஹாப்தீனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். என்னையும் ஷபீகாவையும் பஸ்ஸில் ஏற்றி, எங்கேயோ காட்டுப்பக்கத்துத் தனிமைப்படுத்தல் முகாமுக்குக் கொண்டு போனார்கள். இருபத்தேழாம் திகதி விடிய ஃபோன் வந்தது, அவர் மௌத்தாகிவிட்டார் என்று. கொரோனாவில் போனவர் யாராக இருந்தாலும் எரிக்கத்தான் வேண்டும் என்பது அப்போதைய சட்டம், அதற்குக் கையெழுத்துக் கேட்டார்கள். முடியாது என்றேன். அடக்கம் செய்ய விடுங்கள், இல்லையென்றால் சட்டம் மாறும்வரை குளிரறையில் வைத்திருங்கள் என்றேன். எத்தனை குடும்பங்கள் அப்படி மறுத்தன என்று உங்களுக்கும் தெரியும். மறுப்பதைத் தவிர எங்கள் கையில் வேறொன்றும் இருக்கவில்லை. அன்று பின்னேரமே எரித்துவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து முறைப்பாடு கொடுக்கப் போனேன். அந்த உத்தியோகத்தர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "குடும்பத்தின் சம்மதம் இருக்கிறதே அம்மா" என்றார். தாளைத் திருப்பிக் காட்டினார். சம்மதம் தருபவர்: ஸ்ரனிஸ்லாஸ். உறவுமுறை: சகோதரன். ஸஹாப்தீனுக்கு ஸ்ரனிஸ்லாஸ் என்று ஒரு சகோதரன் எப்படி வந்தான் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கையெழுத்து இல்லாவிட்டாலும் எரித்திருப்பார்கள். எனக்குத் தெரியும், நான் முட்டாள் இல்லை. ஆனால் நாங்கள் சம்மதிக்கவில்லை என்ற ஒன்றாவது எங்களுடையதாக இருந்திருக்கும். இன்றைக்கும் அந்தக் கோப்பில் நாங்கள் சம்மதித்தவர்கள். நான் கொட்டாஞ்சேனையை விட்டு வந்தது அந்த வீட்டில் கால் வைக்க முடியாமல் இல்லை. உங்கள் வாசலைத் தாண்டிப் போக முடியாமல்தான்.

இப்போது எரிக்கப்பட்ட மனிதருக்கு முன்னால் அணையாத நெருப்பு வைக்கப் போகிறீர்கள். தையல் மெஷின் எண்ணெயும் வெட்டுத் துணியும் கிடக்கிறது என்று, தன் தையல் கடை வாசலில் நின்று சிகரெட் பற்றவைத்த உங்களை எத்தனை தரம் விரட்டியிருப்பார்? அவருக்கு விளக்கு. உங்கள் கமிட்டியில் எல்லோருக்கும் பிடித்தும் போனதாம்.

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். அதில் கையெழுத்து இல்லை. எங்கள் குடும்பத்தில் கையெழுத்து வைக்க ஏற்கனவே ஒரு சகோதரன் இருக்கிறாரே.

றஸ்மியா ஸஹாப்தீன்


கொட்டாஞ்சேனை
2025 பெப்ரவரி 16

தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். விளக்கு விஷயத்தில் பிழை என்னுடையதுதான். எங்கள் ஆட்களுக்கு இறந்தவர் என்றால் மெழுகுதிரி கொளுத்தக் கை தானாகப் போய்விடும், யோசிப்பதே இல்லை. வெட்கமாக இருக்கிறது. சவுந்தரநாயகத்திடம் போய், விளக்கை விட்டுவிடுவோம் என்றேன். அவருடைய மகன் கனடாவிலிருந்து பித்தளையில் செய்வித்து அனுப்பிவிட்டானாம், பெட்டிகூடப் பிரித்தாயிற்றாம். "அரசியல் வேணாம் ஸ்ரனி. செத்தவங்கள் செத்திட்டாங்கள். இனிக் கல்லில நிண்டு சண்டை பிடிக்கேலாது" என்றார்.

மற்ற விஷயம். ரொஷேல் மூலம் முன்னரே சொல்லி அனுப்பினேன், என் மகளுக்கு நீங்கள் கதவைத் திறக்கவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். ஸஹாப்தீனின் ஃபோனில் கடைசியாக எடுத்த நம்பர் என்னுடையது. அடையாளம் காட்ட ஒருவர் வேண்டும் என்றார்கள். போனேன். ஒரே அவசரம். தாள் முழுக்கச் சிங்களம். முகத்தில் மாஸ்க் இறுக்கி, கண்ணாடியில் ஆவி பிடித்து ஒன்றும் தெரியவில்லை. அடையாளம் காட்டும் தாள் என்று நினைத்துத்தான் வைத்தேன். சகோதரன் என்று போட்டது, உறவினர் இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்கள் என்பதால். நாற்பது வருஷம் அவன் எனக்கு அப்படித்தான் இருந்தான் என்று உங்களுக்கே தெரியும்.

போன வருஷம் மந்திரிசபையே மன்னிப்புக் கேட்டதாகப் பேப்பரில் வந்தது. அரசாங்கமே இறங்கி வந்த பிறகு, நாம் இரண்டு பேரும் எத்தனை காலத்துக்கு இப்படி இருப்பது? எனக்கு அறுபத்தெட்டு முடிகிறது. அவன் பெயர் இல்லாமல் அந்தச் சுவரை நான் திறக்க மாட்டேன்.

ஸ்ரனிஸ்லாஸ்


வெள்ளவத்தை
2025 பெப்ரவரி 22

ஸ்ரனிஸ்லாஸ் அவர்களுக்கு,

கண்ணாடியில் ஆவி. நான்கு வருஷமாக யோசித்துக் கண்டுபிடித்தது இதுதானா?

அந்த லேனில் பாதிப் பேருக்குச் சிங்களத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்தவர் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் உங்கள் விறாந்தையில் ஆட்கள் வரிசையில் இருப்பார்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, தண்ணீர் பில்லில் பிழை, எல்லாம் உங்களிடம்தான் வரும். ஷபீகாவை ஸ்கூலில் சேர்க்கிற கடிதத்தில் ஒரு கொம்பு பிழைத்துவிட்டது என்று நான்கு தரம் திருப்பி எழுதினீர்கள். "படிவத்தில கை வைக்க முதல் மேலயிருந்து கீழ வரைக்கும் வாசிக்கோணும், அதுதான் கிளாக் வேலை" என்று என் பிள்ளைக்கே வகுப்பெடுத்த மனிதர்.

உறவுமுறை என்ற கட்டத்தைக் கண்டுபிடித்து அதில் சகோதரன் என்று வடிவாக எழுதத் தெரிந்த கண்ணுக்கு, அதற்கு மேல் வரியில் எரிப்பதற்கு என்று இருந்தது மட்டும் ஆவியில் மறைந்துவிட்டதா? அந்தத் தாளை நான் பார்த்தவள். என் சிங்களம் அரைகுறை. எனக்கே அந்தச் சொல் தெரிந்தது.

மந்திரிசபை மன்னிப்புக் கேட்டது பேப்பரிடம். எங்கள் கதவைத் தட்டி ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது அவர்களுடைய கணக்கு. உங்களுடையதை அதற்குள் செருகாதீர்கள்.

ஒன்று தெரியுமா? முகாமிலிருந்து வந்ததும் கபனுக்கென்று, மையத்தைச் சுற்றும் வெள்ளைத் துணி வாங்கினேன். அவர் உடம்பு இல்லை, ஆனாலும் வாங்கினேன். அதில் ஒரு துண்டை, அவர்களை எரித்த பொரளைக் கனத்தை மயானத்தின் வேலியில் கட்டினேன், எதிர்ப்புக் காட்ட எல்லோரும் கட்டினார்கள். அடுத்த நாள் போய்ப் பார்த்தேன், அவிழ்த்து எறிந்திருந்தார்கள். மிச்சம் அலுமாரியில் மடித்தபடி இருக்கிறது. எனக்கு எஞ்சியிருப்பது அவ்வளவுதான். அதனால் கல்லில் பெயர் வெட்டுகிறேன் என்று என்னை யாரும் குளிர்விக்க வேண்டாம்.

அவர் பெயர் சுவரில் வர வேண்டுமென்றால் நான் சொல்கிறபடி வர வேண்டும். அவர் நோயில் இறந்தார், சரி. அவரை எரித்தது நோய் இல்லை. "அடக்கம் செய்ய விடாமல் எரிக்கப்பட்டார்" என்று பெயருக்குக் கீழே இருக்க வேண்டும். நெருப்பு இருக்கக் கூடாது. எதையாவது வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் தண்ணீர் வையுங்கள். எங்கள் ஆட்கள் இறந்தவருடைய பெயரால் பைப் வைத்துக் கொடுப்பார்கள், போகிறவன் வருகிறவன் குடிப்பான், அந்த நன்மை அவரைப் போய்ச் சேரும். அந்த மூலையில் மூட்டை இறக்குகிற ஆட்கள் வெயிலில் நிற்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முதல், அன்றைக்கு நடந்ததை எழுதுங்கள். ஆவி இல்லாமல்.

றஸ்மியா


கொட்டாஞ்சேனை
2025 மார்ச் 6

றஸ்மியாவுக்கு,

நேற்று எங்களுக்குச் சாம்பல் புதன். பூசைக்குப் போனேன். ஃபாதர் ஒவ்வொருவர் நெற்றியிலும் சாம்பலால் சிலுவை போட்டு, மண்ணுக்குத் திரும்புவாய் என்று சொல்லிக்கொண்டு வந்தார். அறுபது வருஷமாகக் கேட்ட வார்த்தை. நேற்று அவருடைய பெருவிரல் என் நெற்றியில் பட்டதும் பூசை முடிய முதலே வெளியே வந்துவிட்டேன். படியில் இறங்கும்போதே லேஞ்சியால் துடைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். நான்கு தாள் கிழித்தாயிற்று, இது ஐந்தாவது.

வாசித்தேன். மேலிருந்து கீழ் வரை, இரண்டு தரம் வாசித்தேன். அது அடையாளம் காட்டும் தாள் இல்லை. எரிப்பதற்குக் குடும்பம் சம்மதிக்கிறது என்ற தாள். தெரிந்துதான் கையெழுத்து வைத்தேன்.

பேர்ணடெற்றை இருபத்தோராம் திகதி அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அவளுடைய ஃபோன் இரண்டாம் நாளே செத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. எடுத்தால் இந்த நம்பருக்கு எடுங்கள், அந்த நம்பருக்கு எடுங்கள் என்றார்கள். உயிரோடு இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது. இருபத்தேழாம் திகதி காலையில் நீங்கள் முகாமிலிருந்து எடுத்தீர்கள். "ஸ்ரனி நானா, யாரும் ஸைன் வைக்க வேணாம், ஆர் கேட்டாலும் வைக்க வேணாம்" என்று அழுதீர்கள். நான் "ஓம் தங்கச்சி" என்றேன். அந்த ஓம் பொய்யில்லை, அப்போது நிஜமாகத்தான் சொன்னேன்.

இரண்டு மணித்தியாலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தார்கள். குடும்பம் முரண்டு பிடிக்கிறது, நீங்கள் தெரிந்தவரென்றால் வாருங்கள் என்றார்கள். ஊரடங்கில் வெளியே போகத் துறைமுகப் பாஸ் என்னிடம் இருந்தது. எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று விளங்கித்தான் போனேன். பேர்ணடெற் இருக்கிற கட்டடத்துக்குள் கால் வைக்க வேறு வழி இருக்கவில்லை. மேசையில் இருந்தவரிடம், என் மனுசி மேல்மாடி வார்டில் இருக்கிறாள், ஒருக்கால் பார்க்க விடுவீர்களா என்று கேட்டேன். அவர் தாளை என் பக்கம் தள்ளி, "அத்ஸன் கரலா தென்ன மாத்தயா, பலமு" என்றார். கையெழுத்து வைத்துத் தாருங்கள், பார்ப்போம். அவ்வளவுதான் சொன்னார். அதட்டவில்லை, பயமுறுத்தவில்லை. பேனையையும் அவரே தந்தார்.

வைத்தேன். உறவுமுறைக் கட்டத்தில் சகோதரன் என்று எழுதினேன்.

ஐந்து நிமிஷம் விட்டார்கள். ஒரு கண்ணாடிக்கு வெளியே நின்றேன். ஐந்தாறு கட்டில், எல்லோர் முகத்திலும் குழாய், எது அவள் என்று தெரியவே கொஞ்ச நேரம் போனது. தட்டினேன், கண் திறக்கவில்லை. நான் வந்தது அவளுக்குத் தெரியாது. அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் ஸஹாப்தீனைக் கொடுத்தேன்.

எட்டு நாள் கழித்து அவளும் போனாள். மாதம்பிட்டிச் சேமக்காலையில் அவளுடைய அம்மாவின் குழிக்குள் தன்னை வைக்க வேண்டும் என்று எப்போதும் சொல்லுவாள். அவளையும் எரித்தார்கள். அதற்கும் நானே கையெழுத்து வைத்தேன். உறவுமுறைக் கட்டத்தில் அந்த முறை பொய் எழுத வேண்டியிருக்கவில்லை.

நான் இந்தச் சுவருக்காக ஏன் இப்படி அலைகிறேன் என்று ரொஷேல் கேட்பாள். இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஸ்ரனிஸ்லாஸ்


வெள்ளவத்தை
2025 மார்ச் 13

ஸ்ரனிஸ்லாஸ் அவர்களுக்கு,

நோன்பு மாதம். கோபத்தை அடக்க வேண்டும் என்று சொல்லப்பட்ட மாதம். பதில் எழுதாமல் ஐந்து நாள் இருந்து பார்த்தேன். அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உங்களுக்கு ஐந்து நிமிஷம் கிடைத்தது. எனக்கு அதுவும் கிடைக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனிதரின் முகத்தை, ஃபோனில் யாரோ அனுப்பிய மங்கிய படத்தில் பார்த்தேன். நீங்கள் வாங்கிய ஐந்து நிமிஷத்தை யாருடைய கையிலிருந்து எடுத்தீர்கள் என்று இத்தனை நாளும் தெரியாமல் உங்களை வெறும் கோழை என்று நினைத்திருந்தேன். கோழையாகவே இருந்திருக்கலாம்.

கடிதத்தை ஷபீகாவுக்கு வாசிக்கக் கொடுத்தேன். "நீங்க அந்த இடத்தில இருந்தா என்ன உம்மா செஞ்சிருப்பீங்க" என்று கேட்டாள். கஞ்சிச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன், கழுவி முடித்த சட்டியைத் திரும்பவும் கழுவினேன். அந்தக் கேள்வியை என் வீட்டுக்குள் கொண்டு வந்ததற்கும் உங்கள் மேல்தான் கோபம்.

எனக்கு எழுதியது போதாது. எனக்கு மட்டும் சொன்னால் அது உங்களுக்குப் பாவசங்கீர்த்தனம், சொல்லிவிட்டு லேசாகிவிடுவீர்கள். நான் ஃபாதர் இல்லை. சத்தியக்கடதாசி ஒன்று முடித்து அனுப்புங்கள். ஸஹாப்தீனின் சகோதரன் நான் இல்லை, அவருடைய குடும்பம் மறுத்தது எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே கையெழுத்து வைத்தேன் என்று அதில் இருக்க வேண்டும். அந்தக் கோப்பில் அதைச் சேர்ப்பேன். எத்தனை மாதம் நடந்தாலும் சேர்ப்பேன்.

சுவர் திறக்கிற அன்று, எல்லோருக்கும் முன்னால் இதையே வாசியுங்கள். தமிழிலும் வாசியுங்கள், சிங்களத்திலும் வாசியுங்கள். உங்கள் சிங்களம்தான் நல்லதே.

றஸ்மியா


கொட்டாஞ்சேனை
2025 மே 4

றஸ்மியாவுக்கு,

சத்தியக்கடதாசி இத்துடன் இருக்கிறது. தாமதம் என்னால் இல்லை. சவுந்தரநாயகம் சமாதான நீதவான், முத்திரை அவர் மேசையில்தான் இருக்கிறது. வாசித்துப் பார்த்துவிட்டு, "உமக்கு விசரா ஐசே, இதில நான் சீல் குத்தினா நாளைக்கு என்னையும் இழுப்பாங்கள்" என்று தாளைத் திருப்பித் தந்தார். வத்தளைக்குப் போய் வேறொருவரிடம் முடித்தேன்.

கமிட்டியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த வரியைக் கல்லில் போட முடியாது, மாநகரசபை அனுமதியை இழுத்துவிடும் என்று சவுந்தரநாயகம் மேசையில் அடித்தார். எனக்கு இத்தனை வயதுக்கு வராத கோபம் அன்று வந்தது. பெயர்ப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தேன். இருபத்து மூன்று பேரில் பன்னிரண்டு பேர் அடக்கம் செய்ய விடாமல் எரிக்கப்பட்டவர்கள். நான்கு பேர் உங்கள் ஆட்கள். எட்டுப் பேர் எங்கள் ஆட்கள். எங்கள் எட்டுக் குடும்பமும் வாயே திறக்கவில்லை. வெளியில் கேட்டவர்கள் எல்லோரும் முஸ்லிம்கள்தான், இது அவர்களுடைய பிரச்சினை என்று இருந்துவிட்டோம். அந்த எட்டில் ஒருவரான எட்வேட்டின் மனைவி எழும்பி, "எங்கட அவருக்கும் குழி வெட்டி வச்சிருந்தது. அந்த வரிய எங்கட அவருக்குக் கீழயும் போடுங்கோ" என்றா. அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். சவுந்தரநாயகம் தோற்றுப் போனார். தலைவர் பதவியை மட்டும் விடவில்லை.

விளக்கு அவருடைய ஹோலில் இருக்கிறது. கல்லின் நடுவில் விளக்குக்கு விட்ட இடத்தில் பைப் வைத்தாயிற்று. நேற்றுத் தண்ணீர் வந்தது. முதலில் குடித்தவர்கள் மூட்டை இறக்குகிற ஆட்கள்தான்.

திறப்பு மே 17, சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணிக்கு. வாசிப்பேன். வரச் சொல்லிக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை, அதனால் கேட்கவில்லை.

ஸ்ரனிஸ்லாஸ்


வெள்ளவத்தை
2025 மே 20

ஸ்ரனிஸ்லாஸ் அவர்களுக்கு,

வந்தேன். பார்மசி வாசலில், குடைக்குக் கீழே, ஷபீகாவுடன் நின்றேன். நீங்கள் காணவில்லை. காண வேண்டும் என்று நான் வரவில்லை.

தமிழில் வாசித்தது முழுக்கக் கேட்டது. சிங்களத்தில் தொடங்கியதும் சவுந்தரநாயகம் எழும்பிப் போய் மைக்கை நிறுத்தியதையும் பார்த்தேன். அதற்குப் பிறகு உங்கள் வாய் அசைந்தது தெரிந்தது, சத்தம் தெருவைக் கடந்து வரவில்லை. பாதிப் பேர் எழும்பிப் போனார்கள். உங்கள் மகள் தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். நீங்கள் நிறுத்தாமல் வாசித்தீர்கள். எனக்குப் பக்கத்தில் பழ வண்டி வைத்திருந்த சிங்களப் பெண் ஒருத்தி முன்னால் போய்க் கேட்டுவிட்டு வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மனுசன் என்ன சொல்றார் தெரியுமா" என்று தன் மொழியில் என்னிடமே கேட்டாள். தெரியும் என்றேன்.

சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். இல்லை. கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் இவ்வளவு காலமும் நான் ஒருத்தியே தூக்கித் திரிந்தேன், அன்றைக்கு நீங்களும் ஒரு பக்கம் பிடித்தது போலிருந்தது. அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். உங்களை நான் மன்னிக்கவில்லை. அந்த மேசைக்கு முன்னால் நானாக இருந்தாலும் கையெழுத்து வைத்திருப்பேனோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. பயம் வேறு, மன்னிப்பு வேறு.

எல்லோரும் போன பிறகு தெருவைக் கடந்து வந்தேன். ஸஹாப்தீனின் பெயரைத் தொட்டுப் பார்த்தேன். கீழே வரி இருக்கிறது, பிழையில்லாமல் இருக்கிறது. பைப்பைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். பிறகு பழக்கதோஷம், எண்ணினேன்.

இருபத்திரண்டு.

திரும்ப எண்ணினேன். எரிக்கப்பட்டார் என்ற வரி பதினொரு பெயருக்குக் கீழேதான் இருக்கிறது. நான்காவது ஸஹாப்தீன். ஐந்தாவது யாரோ ஜனவரியில் போன ஒருவர். டிசம்பர் ஐந்தாம் திகதி கல்லில் இல்லை.

பேர்ணடெற் அக்காவின் பெயரை எடுத்துவிட்டீர்கள். தண்டனை என்று நினைத்தீர்களா? ஸஹாப்தீனுக்குப் பக்கத்தில் அவ இருக்கத் தகாதவ என்று யார் சொன்னது? நான் சொன்னேனா? உங்கள் தண்டனையைக் கொண்டுபோய் அவவின் தலையில் கட்டியிருக்கிறீர்கள். அன்றைக்கும் அவவைக் கேட்காமல் ஒன்று செய்தீர்கள், இன்றைக்கும் கேட்காமல் ஒன்று செய்திருக்கிறீர்கள்.

எங்களைப் பஸ்ஸில் ஏற்றிய அன்று லேன் முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டது. உங்கள் ஜன்னலும் சாத்தித்தான் இருந்தது, நான் பார்த்தேன். அக்கா மட்டும் வாசலுக்கு வந்தா. பொலிஸ்காரன் கத்தக் கத்த, என்னுடைய தொழுகைப் பாயையும், ஷபீகாவுக்கு மாற்றுடுப்பும் பல்லுத் தூரிகையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து பஸ் ஜன்னலுக்குள்ளால் தந்தா. "பயப்படாத பிள்ள, ஸஹாப்தீன நான் பாப்பன்" என்றா. அதற்கு நான்காம் நாள்தான் அவவையும் கொண்டு போனார்கள். அந்தப் பாய் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஐந்து நேரமும் அதில்தான் நிற்கிறேன்.

அவ எனக்கு ஒரு பிழையும் செய்யவில்லை. அவவையும் அடக்கம் செய்ய விடாமல்தான் எரித்தார்கள். கல்லுக்காரனைத் திரும்பக் கூப்பிடுங்கள். நான்காவதுக்குப் பக்கத்தில் இடம் இல்லையென்றால் கல்லை மாற்றுங்கள். சவுந்தரநாயகம் மேசையில் அடித்தால், நீங்கள் இரண்டு தரம் அடியுங்கள். கீழே அந்த வரியும் வர வேண்டும்.

வெட்டி முடிந்ததும் எழுதுங்கள். வந்து பார்ப்பேன். உங்களை இல்லை, அவவை.

றஸ்மியா